எவ்வளவு நடந்தால் போதும்?

செல்போன் காலடிகளை எண்ணத் தொடங்கிய பிறகு, பத்தாயிரம் என்ற எண் வேதவாக்காகிவிட்டது. இரவு சாப்பாடு முடிந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அன்றைய மிச்சக் கணக்கைத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்றை அடையாளம் காட்டியதும் அந்தக் கணக்கில்தான். 8 கி.மீ. என்றால் ஏறத்தாழ பத்தாயிரம் காலடி. ஒரு சின்னத் திருத்தம்: ஐந்தடி உயரமுள்ள ஒருவர் ஒரு காலடியில் 60, 65 சென்டிமீட்டர்தான் கடப்பார். அவருக்கு 8 கி.மீ. என்பது 12,000 காலடிக்கும் மேல்.

சரி, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? எந்த மருத்துவமனையிலிருந்தும் வரவில்லை. 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானியர்களுக்கு உடற்பயிற்சி மீது ஆசை துளிர்த்திருந்த நேரம். மறு ஆண்டே யமாசா என்ற கடிகார நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணி ஒன்றைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். விற்பதற்குத் தோதான, மனதில் நிற்கிற எண். ஆய்வுகள் வெகுகாலம் கழித்துத்தான் வந்தன.

அவற்றில் முக்கியமான ஒன்று 2019ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வெளியிட்டது. சராசரியாக 72 வயதான, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களுக்குக் கருவி மாட்டிக் காலடிகளை எண்ணினார்கள். பிறகு சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 காலடி வைத்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 வைத்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. காலடி கூடக் கூடப் பலனும் கூடியது. ஆனால் 7,500ஐத் தாண்டியதும் அந்த ஏற்றம் நின்றுவிட்டது. 2022ல் பல நாடுகளின் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது: 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 காலடி வரையிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் பலன் ஏறி, பிறகு சமநிலைக்கு வந்தது. உடம்பு நன்றாக இருப்பவர்தான் அதிகம் நடக்கவும் செய்வார் என்பதால், இந்தச் சதவீதங்களை அப்படியே நடையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் எல்லா ஆய்வும் காட்டும் திசை ஒன்றே. நடக்காமல் இருந்தவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கும்போது கிடைப்பதுதான் பெரிய லாபம். எட்டாயிரத்தைப் பத்தாயிரம் ஆக்குவதில் அந்த அளவு லாபம் இல்லை.

நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். “ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை, அதனால் நடப்பதில்லை” என்று சொல்பவருக்குத்தான் பதினைந்து நிமிடம் மிக அதிகப் பலன் தரும்.

லண்டன் பஸ்ஸில் பிறந்த அறிவு

உடல் உழைப்புக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது இன்று பாட்டிக்கும் தெரியும். 1940களில் மருத்துவர்களுக்கே அது தெளிவாகத் தெரியாது. ஜெரி மோரிஸ் என்ற ஆய்வாளர் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் வேலை செய்பவர்கள். வாழ்க்கை வசதியும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். நடத்துநர்களிடையே மாரடைப்பு தெளிவாகக் குறைவு என்று 1953ல் லான்செட் இதழில் மோரிஸ் எழுதினார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. போக்குவரத்து நிறுவனம் சீருடை தைப்பதற்காக வைத்திருந்த இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் 1956ல் வெளியிட்டார். தபால்காரர்கள், அரசு ஊழியர்கள் என்று வேறு கூட்டங்களிலும் தேடியபோது, அலைந்து வேலை செய்பவருக்கு இதய நோய் குறைவு என்ற முடிவு நிலைத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்படிக்கும் பின்படிக்கும் அலையும் நம் ஊர் கண்டக்டருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்தான்.

வாரக் கணக்கும் பாட்டுச் சோதனையும்

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் காலடியில் பேசுவதில்லை, நிமிடத்தில் பேசுகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லிவந்தார்கள். 2020ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் அதுவும் சேரும்.

‘மிதமான உழைப்பு’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட்டு தாராளமாக வந்தால் வேகம் போதவில்லை. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர் 15 விநாடிக்கு 25 காலடி விழுகிறதா என்று பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 காலடி என்பது பெரும்பாலோருக்கு மிதமான வேகம். மெரினாவில் காலை ஆறு மணிக்கு நான்கு பேர் வரிசையாக, அரசியல் பேசிக்கொண்டு, முக்கியமான இடம் வரும்போது நின்று கையை ஆட்டி விளக்கிவிட்டு நகர்கிறார்களே, அது நட்புக்கு நல்லது. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட உடம்புக்கும் மேல். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை முழுசாகக் கணக்கில் எழுத முடியாது.

“வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?” என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. துணியைக் கையால் துவைப்பது, தரையைத் துடைப்பது, குடம் சுமப்பது எல்லாம் சேரும். மூச்சு கொஞ்சம் வேகம் பிடிக்கிறதா என்பதுதான் அளவு. அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது கால் வலியைத் தருமே தவிர, இதயத்துக்கு வேலை தராது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்த வீடுகளில் வேலை குறையவில்லை, அதில் இருந்த உடலுழைப்பு குறைந்துவிட்டது. 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணிப்பின்படி, இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேவையான அளவு உழைப்பதில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. தெருவில் தனியாக வேகநடை போடும் பெண்ணை ஊர் பார்க்கிற பார்வைக்கும் இந்த இடைவெளியில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

மொட்டை மாடியில் எட்டு வரைந்து நடப்பது நம் ஊரில் வெகு பிரபலம். சர்க்கரையிலிருந்து சைனஸ் வரை அது தீர்க்கும் என்று வாட்ஸ்அப் சொல்கிறது. எட்டுக்கென்று தனி மந்திரம் எதுவும் கிடையாது. திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்குக் கொஞ்சம் பயிற்சி கிடைக்கலாம். மற்றபடி அதுவும் நடைதான், நடைக்குரிய பலன் அதற்கும் உண்டு. தெருவுக்கு இறங்க முடியாதவர் மாடியில் தாராளமாக நடக்கட்டும்.

எடை குறைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. பூங்கா வாசலில் ஒரு வடையும் டீயும் அதைச் சுலபமாக ஈடுகட்டிவிடும். நடையை மட்டும் நம்பி எடை குறைக்கக் கிளம்பியவர்கள் இரண்டே மாதத்தில் சலித்து விட்டுவிடுவது இதனால்தான். எடை இம்மியும் குறையாவிட்டாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை இவற்றில் நடை வேலை செய்துகொண்டே இருக்கிறது. எடை மெஷினைப் பார்த்து நடையை நிறுத்துவது வீண்.

சர்க்கரைக்கு நடை ஏன் உதவுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எப்போது நடப்பது என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. சாதாரணமாக ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலேயே செல்லின் கதவுகள் திறக்கின்றன. இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாதவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். 2013ல் முதியவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடந்தது, காலையில் மொத்தமாக 45 நிமிடம் நடந்ததற்கு இணையாக நாள் முழுவதுக்குமான சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் முந்தியும் நின்றது. சோறு, இட்லி, தோசை என்று மாவுச்சத்தையே நம்பியிருக்கும் நமக்கு, இரவு உணவுக்குப் பிறகு டிவி முன்னால் உட்காராமல் தெருவை இரண்டு சுற்று சுற்றி வருவது சரியாகப் பொருந்தும்.

சைக்கிள்

ஒரு மனிதன் தன் சொந்த பலத்தில் நகர்வதற்குச் சைக்கிளைவிடச் சிக்கனமான கருவி கண்டுபிடிக்கப்படவில்லை. வேகமாக நடக்கும் அதே உழைப்பில் சமதரையில் இரண்டரை, மூன்று மடங்கு தூரம் போய்விடலாம். உடம்பின் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் மூட்டு வலிக்காரர்களுக்கும் பருமனானவர்களுக்கும் நடையைவிட இது இதம். அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு: எலும்பு உறுதிப்பட அதன்மேல் எடை விழ வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் சைக்கிளை மட்டும் நம்பாமல் கொஞ்சம் நடையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளை விட்டவர்களில் பலருக்கு உண்மையான காரணம் சீட்டின் உயரம். நம்மவர்கள் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறோம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். சரிபார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் அல்லவா, அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் உழைப்பைத் தின்னும். கியர் சைக்கிளில் போகிறவர்கள் கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதைவிட, லேசான கியரில் வேகமாக மிதிப்பது மூட்டுக்கு நல்லது. இருட்டில் ஓட்டுவதாக இருந்தால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

சைக்கிள் பற்றித் தமிழில் எழுதும்போது புதுக்கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் கற்றார்கள். கேலியும் ஏச்சும் வந்தன. பெண்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே யாரும் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஏறவில்லை. பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஏறினார்கள். வேலையோடு சேர்ந்து வந்ததால் பழக்கமாக நின்றது. அரசு 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரத் தொடங்கி, பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிவாக்கியது. அந்தச் சைக்கிள்களில் எத்தனையோ, பிள்ளை கல்லூரிக்குப் போனதும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் துருப்பிடித்து நிற்கின்றன. டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடும்.

வெளியே போவதால் மட்டும் கிடைப்பது

ட்ரெட்மில்லில் கிடைக்காத ஒன்று வெளிச்சம். பிள்ளைகளின் கண்ணுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவானது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஆறு பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வெளியே போன பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், மற்றவர்களில் 40. 2015ல் வெளியான ஆய்வு இது. பிள்ளை கபடி ஆடினாலும் சரி, சும்மா திண்ணையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தாலும் சரி, கண்ணுக்கு வேண்டியது பகல் வெளிச்சம். உடம்புக்கு வேண்டியது ஓட்டம்: 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிற பள்ளிகளில் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

காலை இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது மிகக் குறைவாகவே தரைக்கு வருகிறது. தென்னிந்தியாவில் அது தாராளமாகக் கிடைப்பது காலை 11 முதல் பிற்பகல் 2 வரை. அதற்காகச் சித்திரை வெயிலில் நடக்கச் சொல்லவில்லை. மார்கழி, தை மாதங்களில் மதியம் கொஞ்ச நேரம் கைகாலில் வெயில் படட்டும். கத்திரி நாட்களில் விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோ நடங்கள், தண்ணீரும் கொண்டுபோங்கள்.

எங்கே நடப்பது என்பதற்குக் கோவைக்காரர்களிடம் ரேஸ்கோர்ஸ் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை. மற்றவர்களுக்கு ரோட்டோரம்தான். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை பெஞ்ச், நிறுத்திய பைக் எல்லாம் போக மிச்சமிருப்பதை அளந்து பார்த்தால் விதியின் யோக்கியதை தெரியும். 2019ல் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோது கூட்டம் தானாக நடக்க வந்தது. நடைபாதை இல்லாத சாலையில் வலதுபுறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுப் பக்கம் வரும் வண்டியை நம்பாதீர்கள்.

சிலருக்கு மட்டும் எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்து, நின்றதும் அடங்கினால் அதை வாயு என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நின்றும் அடங்காவிட்டால் 108தான். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. சட்டைப்பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்போ மெத்தென்ற ஷூவோ அவசியம்; புல்லில் வெறுங்காலோடு நடப்பது அவர்களுக்கு இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் மேலும் தேயும் என்று பயப்பட வேண்டாம். அளவான நடையும் தொடைத் தசைக்கான பயிற்சியும் வலியைக் குறைக்கும். நடை மட்டும் தசை வலுவைத் தந்துவிடாது என்பதால், வாரத்தில் இரண்டு நாளாவது கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துப் பத்து முறை எழுந்து உட்காருங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமல் இருக்கச் செவ்வாயும் வெள்ளியும் கோயில் போவதுபோல் இதை நாள் வைத்துச் செய்யலாம்.

இனி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைத்தெரு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சுறுசுறுப்பாக நடக்க 12 நிமிடம், திரும்பி வர 12. தினமும் ஒரு தடவை போய் வந்தால் வாரத்துக்கு 168 நிமிடம் ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகக் கேட்பது 150தான். இன்று சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.